மீதியை வெள்ளித்திரையில் காண்க: எல்லை ஊரில் பாட்டைப் பற்றி எழுதிப் பிழைத்தல்

சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலத்தில், அதில் கதைச் சுருக்கம் எழுதுகிறவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான் இருந்தது. கதாநாயகன் சிறைக்குப் போகும் இடம் வரையிலோ, கதாநாயகியின் கல்யாணம் நின்றுபோகும் இடம் வரையிலோ கதையைக் கொண்டுவந்து, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிட வேண்டும். பாட்டுகளுக்கு விட்டது போக மிஞ்சும் அரைப் பக்கத்துக்குள் இதைச் செய்வது பார்வைக்கு எளிது. செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். நான் எழுத வந்தபோது அந்தப் புத்தகங்கள் மறையும் தறுவாயில் இருந்தன. என் வாக்கியங்களை நான் முதன்முதலில் அச்சில் பார்த்தது அப்படி ஒரு சுருக்கத்தில்தான். பெயர் போடவில்லை. அதற்குப் பிறகு வானொலிப் பேச்சு, கேசட் உறை, கானமேளா என்னும் பாட்டுக் கச்சேரியில் மேடை அறிவிப்பு, திருவிழா மலர், பட விமர்சனம், மொழிபெயர்ப்பு, இப்போது கணினியில் பாடல் பட்டியல் திருத்துவது என்று பல வேலைகள் பார்த்தாகிவிட்டது. வரிசையாகச் சொன்னால் ஒன்றிலும் நிலைக்காதவனின் கதை போலத்தான் ஒலிக்கும். ஆனால் விற்ற சரக்கு ஒன்றேதான். கடைதான் மாறிக்கொண்டே வந்தது. கடை ஏன் மாறியது, அதிலும் எல்லைப் பகுதியில் ஏன் இவ்வளவு அடிக்கடி மாறியது என்பதே இங்கே சொல்ல வந்த விஷயம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களெல்லாம் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றன. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் என்பது இங்கே யாரும் கவனித்துச் சொல்கிற செய்தி அல்ல. மாநிலச் சீரமைப்புக்கு முன்பு பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போகும் பேருந்துகள் மட்டும் அப்படியே ஓடின. இந்த ஏற்பாட்டில் பாட்டைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஒரு விசித்திரமான நிலைமை வாய்த்தது. கோயம்புத்தூரில் அச்சாகும் தமிழ் நாளிதழுக்கு எங்கள் பகுதி எல்லை ஊரான வாளையாறுக்கு அப்பால் உள்ள ஒரு மூலை. பாலக்காட்டு மலையாள நாளிதழுக்கோ தமிழ்ப் பாட்டு என்பது பெரிய நட்சத்திரத்தின் படம் வரும் வாரத்து விஷயம். முழுநேரமாக ஒருவரை வைத்துக்கொள்ளும் அளவுக்கு யாருக்கும் தேவை இல்லை. ஆனால் அரை நாள் வேலைக்கு எல்லோருக்கும் தேவை இருந்தது.

அந்த அரை நாளில் அவர்கள் வாங்கிய சரக்கு என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வரும் வழியில் உள்ள எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். தமிழ் வாசகருக்கு அவர் மெல்லிசை மன்னர், கண்ணதாசனோடும் டி.கே. ராமமூர்த்தியோடும் சேர்த்து நினைக்கப்படுகிறவர். மலையாள வாசகருக்கு அவர் ‘லங்காதகனம்’ (1971), ‘பணிதீராத்த வீடு’ (1973) ஆகிய படங்களின் இசையமைப்பாளர். பின்னதில் மலையாளக் கவிஞர் வயலார் எழுதிய பாட்டு ஒன்றைத் தம் குரலிலேயே பாடியவர். ஒரே ஆளைப் பற்றிய இந்த இரண்டு நினைவுகளும் பத்து மைல் தூரத்துக்குள் இருந்தும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன. தமிழில் எழுதும்போது மலையாளப் பாட்டுகளை எடுத்துச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் எழுதும்போது, 1952-இல் ‘பணம்’ படத்தில் தொடங்கி 1965-இல் பிரியும் வரை அவரும் ராமமூர்த்தியும் எப்படி இணைந்து வேலை செய்தார்கள் என்று முதலிலிருந்து விளக்க வேண்டும்.

சித்தூரில் பிறந்த பி. லீலா இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. சினிமாவில் அவருடைய முதல் பாட்டு ‘கங்கணம்’ என்ற தமிழ்ப் படத்தில் வந்தது. 1948-இல் வெளிவந்த ‘நிர்மலா’வில் பாடியதன் வழியாக மலையாளத்தின் முதல் பின்னணிப் பாடகியருள் ஒருவரானார். ‘மிஸ்ஸியம்மா’வில் தமிழர்களுக்கும், ‘லவகுசா’வில் தெலுங்கர்களுக்கும் சொந்தக்காரர். குருவாயூர் பக்கம் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் வரும் நாராயணீயத்தில் கேட்கும் குரலும் அவருடையதுதான். இதே சித்தூர்ப் பகுதியில்தான் 1973-இல் ஸ்வர்ணலதா பிறந்தார். 1987-இல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் யேசுதாசோடு பாட வைத்து அவரை அறிமுகப்படுத்தியவர் எம்.எஸ்.வி. எலப்புள்ளிக்காரர் சித்தூர்க்காரியைக் கோடம்பாக்கத்தில் அறிமுகம் செய்து வைத்தார் என்று நான் எழுதிய ஒரே ஒரு வரிக்கு, விரிவாக எழுதிய எத்தனையோ கட்டுரைகளுக்கு வராத கடிதங்கள் வந்தன. இரு பக்கத்துச் செய்தியும் ஒரு வரியில் சேர வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். எங்கள் தொழில் என்று ஒன்று இருக்குமானால் அது அந்தச் சேர்க்கைதான். ‘கருத்தம்மா’ பாட்டுக்கு ஸ்வர்ணலதாவுக்கு 1994-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. 2010-இல் முப்பத்தேழு வயதில் அவர் போய்விட்டார். அவரைப் பற்றி இரு மொழிகளிலும் நான் எழுதிய அஞ்சலிகள் இரண்டும் ஒரே இரவில் எழுதியவை; ஒன்றின் மொழிபெயர்ப்பாக மற்றொன்றை எழுத முடியவில்லை.

இந்தச் சரக்குக்குப் பழைய காலத்தில் மொத்தக் கொள்முதல் நிலையம் சென்னை. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸின் தயாரிப்பு. ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோவும் திருவனந்தபுரத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோவும் இருந்தபோதும், பாட்டுப் பதிவு, இசைக்குழு, பின்னணிப் பாடகர் எல்லாம் பெரும்பாலும் கோடம்பாக்கத்தைச் சுற்றியே இருந்தன. தமிழில் ‘பொம்மை’, தெலுங்கில் ‘விஜயசித்ரா’ என்ற சினிமாப் பத்திரிகைகள் 1966-இல் ஒரே நிறுவனத்திலிருந்து வெளிவந்தன என்றால், தென்னாட்டுச் சினிமாச் செய்தி ஒரே தெருவில் கிடைத்தது என்றே பொருள். அன்றைய எழுத்தாளர் ஒரு நாள் வடபழனியில் சுற்றினால் நான்கு மொழிக்குச் செய்தி எடுத்துவிடலாம். 1975-இல் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தோன்றியதும், படப்பிடிப்பும் பிறகு பாட்டுப் பதிவும் கேரளத்துக்கு நகர்ந்ததும் மலையாள சினிமாவுக்கு நல்லதாயிற்று. சென்னையில் இருந்துகொண்டு இரண்டுக்கும் எழுதியவர்களுக்கு அதுவே சரிவாக முடிந்தது. செய்தி இரண்டாகப் பிரிந்த பிறகுதான், நடுவில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை வந்தது.

வானொலியை எடுத்துக்கொண்டால், இங்கே அது எப்போதும் திருகிக்கொண்டே கேட்கிற பெட்டி. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒதுங்கியதும், நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனதும், 1957-இல் விவித பாரதி வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் பகுதிக்கு 1956-இல் வந்த திருச்சூர் நிலையம் மலையாளத்தையும், 1966-இல் வந்த கோயம்புத்தூர் நிலையம் தமிழையும் கொடுத்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்த நிலையம் தெளிவாகக் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அறிவியல் அதை ஒப்புக்கொள்ளாது. வானொலிக்கு எழுதுவது எழுத்தாளனின் கையைத் திருத்தியது என்பது என் கருத்து. பத்து நிமிடப் பேச்சுக்கு ஆயிரம் சொற்களைத் தாண்டக் கூடாது. அதற்குள் மூன்று பாட்டுத் துண்டுகள் ஒலிக்க வேண்டுமென்றால் இன்னும் குறைக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் எதையும் சொல்ல முடியாது. ஆண்டைச் சொன்னால் அது காதில் தங்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். பத்திரிகையில் எழுதும்போது தலைகீழாக நிற்கிற என் வாக்கியங்கள் நேராக நிற்கக் கற்றது ஒலிப்பதிவு அறையில்தான். ஒப்பந்தக் கடிதத்தில் வந்த தொகையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்தத் தொகைக்கு ஒரு குடும்பம் நடக்காது.

குடும்பம் நடந்தது கேசட்டால். எண்பதுகளில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பக்திப் பாட்டு கேசட்டுக்கு இருந்த தேவையை இன்று கற்பனை செய்வது கடினம். கார்த்திகை பிறக்கும் முன் ஐயப்பன் பாட்டு கடைக்கு வந்துவிட வேண்டும். மலையாளத்தில் ஓடிய தொகுப்பைத் தமிழிலும் போட நினைப்பவருக்கு, மெட்டு மாறாமல் தமிழ்ச் சொல் வைக்க ஓர் ஆள் வேண்டும். சமஸ்கிருதச் சொல் மிகுந்த மலையாள வரியில் குறிலும் நெடிலும் விழும் இடத்தில் தமிழ்ச் சொல்லை உட்கார வைப்பது கவிதை எழுதுவதைவிடக் கணக்குப் போடுவதற்கு நெருக்கமான வேலை. ‘சரணம்’ என்ற சொல் இரு மொழியிலும் ஒன்றாக இருப்பதற்கு நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன். பாட்டை எழுதிய பிறகு உறையும் எழுத வேண்டும். கேசட் பெட்டிக்குள் மடித்துச் செருகும் அந்த அட்டையில் ஏ பக்கம், பி பக்கம், பாடியவர், இசை, பாடல் என்று எல்லாம் ஒரு உள்ளங்கை அளவுக்குள் அடங்க வேண்டும். ஒருமுறை அட்டையின் மெய்ப்பைப் பார்த்தபோது மூலப் பாடலை எழுதிய மலையாளக் கவிஞரின் பெயரும் தமிழில் எழுதியவரின் பெயரும் இரண்டுமே இல்லை. கேட்டதற்கு, “ஏனுங்க, இத்தனை பேரு போட்டா சாமி படத்துக்கு எடம் ஏதுங்க?” என்றார் அச்சுக்குக் கொடுத்தவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சாமி படம் பெரிதாக இருந்தால்தான் கேசட் விற்கும் என்பது அவர் அனுபவம். அந்தக் கேசட் நன்றாக விற்றது.

நகரி, புத்தூர், சித்தூர் (இது ஆந்திரத்துச் சித்தூர்) பக்கம் இருக்கும் தமிழ் எழுத்தாளர்களோடு பேசும்போது, நமக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்று புரியும். கேரளத்தில் தமிழ்ப் படம் தமிழாகவே ஓடுகிறது. ஆந்திரத்துக்கு அது தெலுங்கில் டப்பிங் ஆகித்தான் போகிறது. அதனால் அங்கே இரு மொழி தெரிந்தவருக்கு டப்பிங் வசனம், டப்பிங் பாட்டு என்று ஒரு முழுத் தொழிலே இருக்கிறது. ‘ரோஜா’வின் தெலுங்குப் பாட்டுகளை எழுதிய ராஜஸ்ரீ போன்றவர்கள் அதில் பெயரும் பெற்றார்கள். திரையில் நடிகர் உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து வர வேண்டும். வாய் திறந்தபடி நிற்கும் இடத்தில் சொல் ‘ஆ’விலோ ‘ஏ’விலோ முடிய வேண்டும். பொருளை அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்த வேலை வாய்க்கவில்லை. பதிலாக வாய்த்தது கானமேளா.

கேரளத்துக் கோவில் திருவிழாவில் நடக்கும் கானமேளாவில், எல்லைப் பகுதி என்றால் பாதிப் பாட்டாவது தமிழாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின் வரிசையிலிருந்து சத்தம் வரும். பாடகர்கள் பெரும்பாலும் மலையாளிகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். தமிழ்ப் பாட்டுகளை அதில் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதைச் சரிபார்த்துக் கொடுக்க மேடைக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். இதில் சிக்கல் இப்படி வருகிறது. தமிழில் ‘பாவம்’ என்ற ஒரே எழுத்துக்கோவை மூன்று வேலை செய்கிறது: செய்த தவறு, இரக்கத்துக்குரிய நிலை, உணர்ச்சி வெளிப்பாடு. மலையாளத்தில் இவை மூன்றும் தனித்தனி எழுத்துகளில் நிற்கும். தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதினால், காதலன் தன் பார்வையின் பாவத்தைச் சொல்லும் இடத்தில் மேடையில் ஒரு பரிதாபம் வந்து நிற்கும். நான் வரிக்கு மேலே சின்னதாக அடையாளமிட்டுக் கொடுப்பேன்: இங்கே அழுத்து, இங்கே மெலி, இங்கே மூச்சு விடாதே. “மாஷே, இந்த ழ-வுக்கு மட்டும் அடையாளம் வேண்டாம், அது எங்களுக்கும் உண்டு” என்று ஒரு பாடகி சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மைதான்; தமிழ்நாட்டிலிருந்து வந்த பாடகருக்குத்தான் அந்த அடையாளம் பல சமயம் தேவைப்பட்டது. இந்தப் பிழையில் நானும் சிக்கியிருக்கிறேன். மலையாளக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கியபோது ஒரு வித்வான் ‘பாவம் ததும்பப் பாடினார்’ என்று எழுதிவிட்டேன். நான் என்ன பாவம் செய்தேன் என்று அவர் கேட்டனுப்பினார்.

திருவிழா மலர்களுக்கு எழுதுவதைப் பொதுவாகச் சில்லறை வேலையாகக் கருதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சித்தூர் பகவதி கோவிலில் நடக்கும் கொங்கன் படை விழாவை எண்ணிப் பாருங்கள். படையெடுத்து வந்த கொங்கனை அம்மன் அருளால் ஊரார் முறியடித்த வெற்றியைக் கொண்டாடும் விழா அது. அந்த விழாவைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும். படிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களும் அந்த விழாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள். ‘எதிரி’ என்ற சொல்லை எங்கே வைப்பது? அந்தக் கட்டுரையை நான் நான்கு முறை எழுதினேன். கடைசியில் போரைச் சுருக்கி, அன்று ஒலிக்கும் வாத்தியங்களைப் பற்றியும் வேடம் கட்டுகிறவர்களைப் பற்றியும் விரித்து எழுதினேன். தப்பித்துக்கொண்டேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

இவ்வளவு வேலைகளையும் ஒருவரே செய்வதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. காலையில் ஒரு படத்துக்கு விளம்பர நோட்டீஸ் எழுதியவர் மாலையில் அதே படத்துக்கு விமர்சனம் எழுதலாமா? பெரிய ஊர்களில் இதற்கு விதிகள் பேசுவார்கள். தமிழ் மரபைப் பார்த்தால் அந்தக் கோடு அங்கும் அழுத்தமாக இருந்ததில்லை. கல்கி, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளை விமர்சித்தார், ‘தியாகபூமி’க்குக் கதை கொடுத்தார், ‘மீரா’வுக்குப் பாட்டும் எழுதினார். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றத் தொடங்கிய ஃபிலிம் நியூஸ் ஆனந்தன்தான், தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களை விடாமல் சேர்த்து வைத்து, பின்னால் வந்த ஆய்வாளர்கள் அனைவருக்கும் ஆதாரமானார். விளம்பரத்துக்காகச் சேர்த்த தகவலும் படமும் வரலாறாக மாறின. ஆனால் இந்த ஒப்பீட்டை அளவோடு செய்ய வேண்டும். கல்கி பல வேலை செய்தது அவரிடம் நிறைந்து வழிந்ததால். எல்லை ஊரில் பல வேலை செய்வது ஒரு வேலை போதாததால். நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி, நோட்டீஸ் எழுதிய படத்துக்கு விமர்சனம் எழுதுவதில்லை, பாட்டைப் பற்றி மட்டும் எழுதலாம் என்பது. பாட்டு மோசமாக இருந்தபோது அந்த விதி உதவவில்லை.

மலையாளப் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு ஓரளவு மரியாதை கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். 1969-இல் தொடங்கிய கேரள அரசின் திரைப்பட விருதுகளில் சினிமா நூலுக்கும் சினிமாக் கட்டுரைக்கும் இடம் உண்டு. 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டி தொடங்கியதிலிருந்து பரவிய ஃபிலிம் சொசைட்டிகள், சின்ன ஊர்களில்கூடப் படத்துக்கு முன் ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கும் வழக்கத்தை உண்டாக்கின. அந்த ஒரு பக்கக் குறிப்புக்கும் பாட்டுப் புத்தகத்துக் கதைச் சுருக்கத்துக்கும் எழுதுமுறையில் அதிக வித்தியாசம் இல்லை. இங்கே முடிவையும் சொல்லலாம், அவ்வளவுதான்.

இப்போது கேசட்டும் இல்லை. சினிமாப் பத்திரிகைகள் பலவும் இல்லை. இன்று என்னைத் தேடி வரும் வேலை, பழைய தொகுப்புகளை இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்குப் பாடல் விவரம் சரிபார்ப்பது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமைத் தொகையில் உரிய பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றாகிவிட்டது. எனவே பாட்டை எழுதியவர் பெயர் என்பது இப்போது மரியாதை மட்டுமல்ல, பணமும்கூட. ஆனால் ஆதாரமாக அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கேசட் அட்டைதான். அதில் இல்லாத பெயர் இதில் ஏறுவதில்லை. சென்ற மாதம் எனக்கு வந்த பட்டியலில் அறுபது பாட்டுகள் இருந்தன. சில இடங்களில் பாடியவர் பெயரே பாடலாசிரியர் என்று ஏறியிருந்தது. நினைவில் இருந்ததையும், பழைய நோட்டுப் புத்தகங்களில் இருந்ததையும், வானொலிக்கு எழுதிய பிரதிகளில் இருந்ததையும் வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

அந்தப் பட்டியலில் சாமி படம் பெரிதாகப் போட்ட அந்தப் பழைய ஐயப்பன் தொகுப்பும் இருந்தது. மூலத்தை எழுதிய மலையாளக் கவிஞர் காலமாகிவிட்டார். அவர் குடும்பத்தார் சித்தூரில் இருக்கிறார்கள். திரையில் ‘பாடலாசிரியர்’ என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அவர் பெயரை ஏற்றிவிட்டு, மொழி என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று போட்டேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. குறிப்பு எழுதும் இடத்தில் காரணத்தை மூன்று வாக்கியங்களில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.